பங்காளிச் சண்டையும் பட்டணத்துக் கதவும்

புதுச்சேரிக்குப் போனால் முதலில் எங்கே போவீர்கள்? கடற்கரைக்குத்தானே? தவறில்லை. ஆனால் அடுத்த தடவை, வெயில் தாழ்ந்ததும் ஒரு வண்டி பிடித்து, ஊரை முட்டை வடிவில் அணைத்துக்கொண்டு ஓடும் புல்வார் சாலையில் ஒரு சுற்று வாருங்கள். ஒரு காலத்தில் கோட்டை மதில் நின்ற வழி இது. மதில் இன்று இல்லை. அது போன கதையைத் தேடிப் போனால், ஆற்காட்டில் ஒரு குடும்பச் சண்டையில் கொண்டுபோய் விடுகிறது!

1740-ஆம் ஆண்டு மே மாதம். ஆற்காட்டு நவாப் தோஸ்த் அலி மராத்தியரோடு நடந்த போரில் மாண்டார். சில நாட்களுக்கெல்லாம் அவருடைய பேகமும், மருமகன் சந்தா சாகிபின் மனைவியும், குழந்தை குட்டிகளும் யானை, ஒட்டகம், மாட்டு வண்டிகளோடு புதுச்சேரிக் கோட்டை வாயிலில் வந்து நின்றார்கள். உள்ளே விட்டால் மராத்தியரின் கோபம். விடாவிட்டால் இந்தப் பெண்களின் கதி? கவர்னர் டூமா கதவைத் திறந்தார். சந்தா சாகிபின் மனைவியையும் மகனையும் ஒப்படைக்கும்படி ரகோஜி போன்ஸ்லே மிரட்டியபோதும் அவர் மசியவில்லை.

அந்நியனிடமிருந்து தப்பியாகிவிட்டது. சொந்தக்காரர்களிடமிருந்து?

புது நவாப் சப்தர் அலிக்குத் தம் மைத்துனர் சந்தா சாகிபின் மேல் சந்தேகம். தம் குடும்பத்தைச் சென்னையில் ஆங்கிலேயரிடம் கொண்டுபோய் வைத்தார். சந்தா சாகிபின் குடும்பமோ புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரரிடம். பாருங்கள், ஒரே வீட்டுப் பெண்கள். இரண்டு பட்டணம், இரண்டு கொடி!

1742-ல் சப்தர் அலியைக் கொல்வித்தவர் யார் தெரியுமா? சொந்தச் சகோதரியின் கணவர், வேலூர் முர்த்தசா அலி. 1744-ல் சப்தர் அலியின் சிறு பிள்ளையும் ஆற்காட்டில் ஒரு கல்யாண வீட்டிலேயே குத்திக் கொல்லப்பட்டான்.

ஹைதராபாத்திலும் இதே கதைதான். 1748-ல் நிஜாம் காலமானார். மகன் நாசிர் ஜங்குக்கும் மகள் வயிற்றுப் பேரன் முசாபர் ஜங்குக்கும் பட்டத்துப் போட்டி. 1750 டிசம்பரில் செஞ்சிக்கு அருகே மாமன் கொல்லப்பட, மருமகனுக்குப் புதுச்சேரியில் பட்டாபிஷேகக் கோலாகலம். கவர்னர் டூப்ளே மொகலாய உடையில் கொலுவிருந்தார். அந்த மருமகனும் 1751-ன் தொடக்கத்திலேயே மாண்டார். மராத்தியரிடம் ஏழாண்டு சிறையிருந்து மீண்ட சந்தா சாகிபின் தலை 1752-ல் திருச்சியில் விழுந்தது.

ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். இங்கே கூத்தாடிகளும் இருவர். ஒரு பக்கம் பிரெஞ்சுக்காரர், மறுபக்கம் ஆங்கிலேயர். நவாபுகளுக்காகப் போரிடத் தொடங்கியவர்கள், பின்னர் ஐரோப்பாவிலும் போர் மூளவே, தங்களுக்காகவே போரிட்டார்கள். 1761 ஜனவரியில் புதுச்சேரி பசியால் வாடிப் பணிந்தது. ஆங்கிலேயர் மதிலையும் மாளிகைகளையும் தரைமட்டமாக்கினார்கள். அத்தனையையும் நாட்குறிப்பில் எழுதி வைத்த ஆனந்தரங்கப் பிள்ளை, ஊர் விழுவதற்குச் சில நாள் முன்பு கண்ணை மூடினார். அவருடைய வீடு மட்டும் பெரிய மார்க்கெட் அருகே இன்றும் நிற்கிறது. அவசியம் பாருங்கள்.

சுற்றி முடித்துக் கடற்கரைக்கு வந்தேன். காந்தி சிலையைச் சூழ்ந்து நிற்கும் கல் தூண்கள் செஞ்சியிலிருந்து வந்தவை என்கிறார்கள். அவற்றின் அடியில் உட்கார்ந்தபோது எனக்கு நவாபுகளின் ஞாபகம் வரவில்லை. வாயிலில் காத்து நின்ற அந்தப் பெண்களின் ஞாபகம்தான் வந்தது. பட்டம் கேட்டவர்கள் அவர்கள் அல்ல. ஆனால் மூட்டை கட்டிக்கொண்டு, குழந்தையை இடுப்பில் ஏந்தி, யாரோ ஒருவர் கதவைத் திறப்பாரா என்று நின்றவர்கள் அவர்கள்தானே?

நம் வீட்டிலும் பாகப்பிரிவினைப் பேச்சு எழும், குரல்கள் உயரும். வெளியாளைத் துணைக்குக் கூப்பிடலாமா என்று யாராவது ஆரம்பித்தால், புல்வார் சாலையின் இல்லாத மதிலைக் கொஞ்சம் ஞாபகப்படுத்துங்கள்.