உவெல்வாவின் மூத்த கிளப்

ஸ்பெயினின் தென்மேற்கு மூலையில், போர்ச்சுகல் எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிற துறைமுக நகரம் உவெல்வா. செம்புச் சுரங்கங்கள் நிறைந்த மலையிலிருந்து வரும் ரியோ டின்டோ ஆறு அந்த ஊரை ஒட்டித்தான் கடலில் கலக்கிறது. ஆற்றுத் தண்ணீர் இரத்தச் சிவப்பு. மீன் பிழைக்க முடியாத அளவுக்கு அதில் அமிலம். அந்தச் சுரங்கங்களை 1873இல் ஸ்பெயின் அரசு பிரிட்டிஷ் முதலாளிகளுக்கு விற்றது. செம்பு கப்பலேறிப் போனது. அதை வெட்டியெடுக்க வந்த பொறியாளர்களும் மருத்துவர்களும் கணக்கர்களும் கால்பந்தைக் கொண்டுவந்தார்கள்.

1889 டிசம்பர் 23 அன்று உவெல்வாவின் ஓட்டல் கொலோனில் அவர்கள் கூடினார்கள். ஸ்காட்லாந்து மருத்துவர் வில்லியம் அலெக்சாண்டர் மெக்கே முன்னின்றார், ஊர்க்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். அன்று தொடங்கிய மனமகிழ் மன்றம்தான் இன்றைய ரெக்ரியாடிவோ தே உவெல்வா. ஸ்பெயினில் இன்றும் ஆடிக்கொண்டிருக்கும் கால்பந்து கிளப்புகளில் இதுவே மூத்தது. 'மூத்தவர்' என்ற பொருளில் 'டெகானோ' என்றுதான் நாடு முழுவதும் அதை அழைக்கிறார்கள்.

அடுத்த ஆண்டு மார்ச் 8 அன்று செவியா நகரின் குதிரைப் பந்தய மைதானத்தில் செவியா அணியோடு ஓர் ஆட்டம். 2-0 என்று உவெல்வா தோற்றது. ஸ்பெயின் மண்ணில் இரண்டு கிளப்புகள் மோதிய முதல் அதிகாரப்பூர்வ ஆட்டமாக அதையே குறிப்பிடுகிறார்கள்.

மூத்த பிள்ளை என்றாலும் சொத்து சேரவில்லை. முதல் டிவிஷனில் கால் வைக்கவே 1978 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒரே சீசனில் திரும்பி இறங்கியது. 2003இல் இன்னும் கொடுமை. ஸ்பெயின் அரசர் கோப்பையின் இறுதியாட்டம் வரை போய், சாமுவேல் எட்டோ ஆடிய மயோர்க்காவிடம் 3-0 என்று தோற்றது. அதே சீசனில், மறுபடி எட்டிப் பிடித்திருந்த முதல் டிவிஷன் இடமும் பறிபோனது.

மறக்க முடியாத நாள் எது என்று உவெல்வாவில் மூத்தவர்களைக் கேட்டால் அவர்கள் 2006 டிசம்பர் 20க்குத்தான் போவார்கள். கிளப் மீண்டும் முதல் டிவிஷனில் இருந்த சீசன் அது. உவெல்வாவிலிருந்து மாட்ரிட் 600 கிலோமீட்டருக்கும் மேல். ரியல் மாட்ரிட்டின் பெர்னபேயு மைதானத்தில் ஆட்டம் பார்க்க ரசிகர்கள் பஸ்களில் கிளம்பியிருந்தார்கள். வழியில் ஒரு பஸ் விபத்துக்குள்ளாகி நான்கு பேர் இறந்தார்கள். அன்றிரவு அதே மைதானத்தில் ரெக்ரியாடிவோ 3-0 என்று வென்றது. சினாமா பொங்கோல், உச்சே, விக்கேரா மூவரும் ஆளுக்கொரு கோல். அந்த சீசனில் லீக் கோப்பையைத் தூக்கியதும் அதே ரியல் மாட்ரிட்தான். இப்படி ஒரு வெற்றிக்காகக் காலங்காலமாக ஏங்கிய ஊருக்கு, அது கிடைத்த இரவில் கொண்டாட மனம் வரவில்லை. கிளப்பின் வரலாற்றிலேயே மிகப் பெரிய ஆட்டம் எது என்று கேட்டால் தயங்காமல் இதைத்தான் சொல்ல வேண்டும்.

2009இல் மறுபடி இறக்கம். 2015இல் மூன்றாம் நிலை. மைதானத்தில் தோற்றதைவிட அலுவலகத்தில் தோற்றதுதான் அதிகம்: வரிப் பாக்கி, வராத சம்பளம், கைமாறிய பங்குகள். இதற்கு ஒரு சட்டப் பின்னணி உண்டு. 1990இல் வந்த விளையாட்டுச் சட்டம் தொழில்முறைக் கிளப்புகளைப் பங்கு நிறுவனங்களாக மாறச் சொன்னது. ரியல் மாட்ரிட், பார்சிலோனா, அத்லெடிக் பில்பாவோ, ஒசாசுனா ஆகிய நான்குக்கு மட்டும் விலக்கு. உறுப்பினர் சந்தாவில் வளர்ந்த கிளப்புகள் அதற்குப் பிறகு பங்கு வாங்கியவருக்குச் சொந்தமாயின. வாங்கியவர் நல்லவரானால் கிளப் பிழைத்தது. இல்லையென்றால் ஊருக்குத்தான் வேதனை.

உவெல்வாவில் ஊர் வாய்மூடி இருக்கவில்லை. ரசிகர்கள் தெருவில் இறங்கினார்கள், பணம் திரட்டினார்கள். 2016 ஜூனில் நகராட்சி, பொதுநலன் கருதி, கிளப்பின் பங்குகளைச் சட்டப்படி கையகப்படுத்தியது. அதே ஆண்டு அந்தலூசியா மாநில அரசு ரெக்ரியாடிவோவைக் கலாச்சாரச் சொத்தாக அறிவித்தது. பழைய தேவாலயத்துக்கும் கோட்டைக்கும் கொடுக்கிற பாதுகாப்பு, ஒரு கால்பந்து கிளப்புக்கும் கிடைத்தது. அரசியல்வாதிகள் வாக்குக்காகச் செய்தார்கள் என்று சிலர் சொல்லலாம். இருக்கட்டும். ஒரு கிளப் யாருடையது என்ற கேள்விக்கு ஒரு நகரம் இவ்வளவு தெளிவாகப் பதில் சொன்னது அபூர்வம்.

பாதுகாப்பு கிடைத்ததால் கோல்கள் விழுந்துவிடவில்லை. 2019இல் தன் பிரிவில் முதலிடம் பிடித்தும், இரண்டாம் டிவிஷனுக்கு ஏறுவதற்கான தகுதிச் சுற்றுகளில் மிராண்டேஸ் அணியிடம் தடுக்கி விழுந்தது. 2021இல் ஐந்தாம் நிலை வரை போயிற்று. ஸ்பெயினின் முதல் கிளப், சிற்றூர் அணிகளோடு சிறிய மைதானங்களில் ஆடியது. அங்கிருந்து 2022இலும் 2023இலும் அடுத்தடுத்து இரண்டு படி ஏறி, 2025இல் ஒரு படி மீண்டும் இறங்கியது.

நான்காம் நிலை என்றால் தொலைக்காட்சிப் பணம் பெரிதாக இல்லை. நுழைவுச்சீட்டும் சீசன் சந்தாவும்தான் கஞ்சிக்கு வழி. தெற்கு ஸ்பெயினுக்குப் போகிறவர்கள் செவியாவோடு திரும்பிவிடாமல், பஸ் பிடித்து உவெல்வாவுக்கும் போய், ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு ஒரு சீட்டு வாங்குங்கள்.