தவில் அடிச்சா பேஸ் பம்மணும்!

எஃப்.எம்.ல பாட்டு ஓடிட்டிருக்கும். ஆர்.ஜே. வாயைத் திறந்ததும் பாட்டு டக்குனு பம்மிடும். அவர் பேச்சை நிறுத்தினதும் மறுபடி பழைய சத்தத்துக்கு வந்து நிற்கும். கவனிச்சிருக்கீங்கதானே? நம்ம திருச்சி வானொலி நிலையம் 1939-ல் ஆரம்பிச்ச காலத்துல கம்ப்யூட்டர் ஏது? இந்த வேலைக்கெல்லாம் ஒரு மனுஷனோட கைதான். இப்போ அந்தக் கை வேலையை ஒரு சாஃப்ட்வேர் பாக்குது. அதுக்குப் பேரு சைட்செயின்.

பேரைக் கேட்டு மிரளாதீங்க. கம்ப்ரஸர்னு ஒரு ப்ளக்-இன் இருக்கு. சத்தம் ஒரு அளவைத் தாண்டினா அமுக்கிவிடும், அவ்வளவுதான். சாதாரணமா அது எந்த டிராக்ல உட்கார்ந்திருக்கோ, அந்த டிராக்கோட சத்தத்தைத்தான் கேட்கும். சைட்செயின்ல மட்டும், 'நீ உட்காரு இங்கே, ஆனா காதை பக்கத்து வீட்டுல வை'னு சொல்லிடறோம். கேட்பது ஒருத்தரை, அமுக்குவது வேற ஒருத்தரை. (நம்ம ஹாஸ்டல் வார்டன் ஸ்டைல்!) 2000-ல் வந்த டாஃப்ட் பங்கின் 'ஒன் மோர் டைம்', 2004-ல் வந்த எரிக் பிரிட்ஸின் 'கால் ஆன் மீ' ரெண்டையும் கேட்டுப் பாருங்க. டிரம் விழும்போதெல்லாம் மொத்தப் பாட்டும் மூச்சு வாங்கற மாதிரி இருக்கும். காரணம் இந்த சைட்செயின்தான்.

டான்ஸ் பாட்டுக்காரங்க அதை வெச்சு விளையாடினாங்க. எங்க கதை வேற. எங்க ஃப்யூஷன் குரூப்ல ஒரு தவில், ஒரு நாகஸ்வரம், ஒரு பேஸ் கிட்டார், கீபோர்டுல அடியேன். தவில்காரன் மாவட்ட அரசு இசைப்பள்ளியில படிச்சவன். முகூர்த்த மாசம் வந்தா ஆளைப் பிடிக்கவே முடியாது. ஒரு தடவை ஊருக்குள்ள ஒரு ஸ்டுடியோவுக்குப் போனோம், பேர் வேண்டாம். மிக்ஸிங் முடிஞ்சு கேட்டா தவில் ஏதோ மூணு தெரு தள்ளி நடக்குற கல்யாணத்துல வாசிக்கிற மாதிரி இருக்கு! கேட்டதுக்கு, 'பேஸோட மோதுது தம்பி, அதான் குறைச்சுட்டேன்'னு பதில். வெளியே வந்து நம்மாளு சொன்னான்: "மாப்ள, எங்கே போனாலும் முதல்ல குறைக்கிறது எங்களைத்தான்டா."

மோதுதுங்கறது உண்மைதான். தவில்ல வலந்தலையை விரல்ல கூடு மாட்டி வாசிப்பாங்க, சுள்ளுனு இருக்கும். அந்தப் பக்கம் தொப்பி. தோல் கொஞ்சம் தளர்வா இருக்கும், பூவரசங்குச்சியால அடிப்பாங்க; 'தொம்'னு கனமா விழும். பேஸ் கிட்டாரோட கடைசிக் கம்பி 41 ஹெர்ட்ஸ்ல ஆரம்பிக்குது. ரெண்டும் அதே அடிக்குரல் பகுதியிலதான் புரளுது. ஆனா மோதினா யார் விட்டுக்கொடுக்கணும்? 'தொம்' நொடியில முடிஞ்சுடும், பேஸ் நீளமா இழுக்கும். அந்த ஒரு நொடிக்கும் குறைவான நேரம் பேஸ் ஒதுங்கினா போதாதா?

ரீப்பர் சாஃப்ட்வேர்ல (60 நாள் இலவசமா ஓட்டிப் பார்க்கலாம்) நாங்க செஞ்சது இதுதான். தவிலுக்கு ரெண்டு மைக், ரெண்டு டிராக். தொப்பி டிராக்ல இருக்குற ரூட் பட்டனைப் பிடிச்சு இழுத்து பேஸ் டிராக் மேல விட்டா ஒரு ஜன்னல் திறக்கும். அதுல சத்தம் 1/2-லேர்ந்து 1/2-க்குப் போறதா காட்டும். போய்ச் சேர்ற இடத்தை மட்டும் 3/4-னு மாத்துங்க. இதுதான் உயிர்நாடி. மாத்தாம விட்டா தொப்பி சத்தம் பேஸோட கலந்தே கேட்கும். 3/4-ல போனா காதுக்கு வராது, ப்ளக்-இன்னுக்கு மட்டும் ரகசியமா போய்ச் சேரும். அப்புறம் பேஸ் டிராக்ல ரியாகாம்ப் போட்டு, டிடெக்டர் இன்புட்ல ஆக்ஸிலரி எல் ப்ளஸ் ஆர். ரேஷியோ 4-க்கு 1. த்ரெஷோல்டை மெதுவா இறக்கிக்கிட்டே வந்து, 'தொம்' விழும்போது பேஸ் 4, 5 டெசிபல் இறங்கினா நிறுத்திடுங்க. எஃப்.எல். ஸ்டுடியோ ஆளுங்க, மிக்ஸர்ல தொப்பியைத் தேர்ந்தெடுத்து, பேஸ் டிராக்கோட அடியில இருக்குற அம்புக்குறியை ரைட் க்ளிக் பண்ணி 'சைட்செயின் டு திஸ் டிராக்' கொடுத்தா அதே மேட்டர்தான்.

ஸ்ரீரங்கத்துல ரெக்கார்ட் பண்றது ஒரு தனி கலைங்க. மார்கழியில பகல் பத்து, ராப்பத்துனு வந்துட்டா மைக்குக்குள்ள ஊரே நுழையும். அதனால ஒரு ஆவணி ராத்திரி, சித்திரை வீதி மாடி ரூம்ல ஜன்னலுக்கெல்லாம் ஜமக்காளம் தொங்கவிட்டு வாசிச்சோம். இருந்தும் பக்கத்துல உட்கார்ந்த நாகஸ்வரம் தொப்பி மைக்கில் ஏறிடுச்சு. கம்ப்ரஸருக்குத் தொப்பி எது, நாகஸ்வரம் எதுனு தெரியுமா? அவர் ஊதினாலும் பேஸ் பம்முது! அதுக்கும் வழி இருக்கு. ரியாகாம்ப்லயே டிடெக்டருக்குனு ஒரு லோபாஸ் ஃபில்டர் உண்டு. அதை 150 ஹெர்ட்ஸ் பக்கம் வெச்சோம். நாகஸ்வரம் அதுக்கு மேல, கம்ப்ரஸர் காதுல 'தொம்' மட்டும் விழுந்துச்சு.

அடுத்தது ரிலீஸ், அதாவது அமுங்கின பேஸ் எவ்வளவு சீக்கிரம் எழுந்து வரணும்ங்கற கணக்கு. இன்டர்நெட்டுல ஆளுக்கொரு நம்பர் சொல்வாங்க. நம்மாளு விரல் விட்டுச் சொன்னான். நிமிஷத்துக்கு 100 பீட்னா ஒரு பீட் 600 மில்லி செகண்ட். திஸ்ர நடையில மூணா பிரிச்சா அடிக்கு அடி 200. சதுஸ்ரத்துல நாலா பிரிச்சா 150. கண்டத்துல அஞ்சா பிரிச்சா 120. ரிலீஸ் இதுக்குள்ள இருந்தாத்தான் அடுத்த அடி விழுறதுக்குள்ள பேஸ் எழுந்து நிற்கும். இல்லைனா பாவம், குனிஞ்சது குனிஞ்சபடியே கிடக்கும். நடை மாறுற இடத்துல ரிலீஸையும் மாத்தினோம். மேனுவலை நாலு தடவை படிச்சிருந்தேன், அதுல இந்தக் கணக்கு இல்லை!

ராத்திரி ரெண்டு மணிக்கு ஹெட்போனை அவன் காதுல மாட்டினேன். கண்ணை மூடிக் கேட்டான். "தவிலைக் கூட்டிட்டியாடா?" ஃபேடரைக் காட்டினேன், பழைய இடத்துலயே இருந்துச்சு. ஒண்ணும் பேசலை. மறுபடி முதல்லேர்ந்து போடச் சொன்னான். அப்புறம் இன்னொரு தடவை.

இப்போ பேஸ்காரன் மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கான். அவன் சோலோ வர்ற 16 பீட்டுக்கு மட்டும் கம்ப்ரஸரை பைபாஸ்ல போடறதா ஒப்பந்தம். "எட்டு போதும்"ங்கறான் தவில்காரன். பேச்சுவார்த்தை நடந்துக்கிட்டிருக்கு.