மூன்று நாள் மௌனமும் ஓர் ஈசிஜியும்

1/ "டாக்டர், இவரை தியானத்துக்குக் கூட்டிட்டுப் போனா குடியை விட்டுடுவாரா?" கடம்பத்தூர் கிளினிக்கில் போன வாரம் ஒரு அம்மா கேட்டாங்க. கத்தோலிக்க தியான இல்லம் எதுக்கு இருக்குன்னு நிறைய பேருக்குக் குழப்பம். எனக்கும் இருந்துச்சு. கொஞ்சம் நீளமா சொல்றேன், பொறுமையா படிங்க.

2/ சில வருஷம் முன்னாடி. நைட் ஷிப்ட் முடிச்சு, கம்பெனி பஸ்ஸில் இருந்து இறங்கி நேரா வந்தார் ஒருவர். 45 வயது, சுகர் உண்டு. மேல் வயிற்றில் எரிச்சல், லேசா வேர்வை. "வெறும் வயித்துல டீ குடிச்சேன் சார், கேஸ்தான்" என்றார். வெளியே இருபது பேர் காத்திருந்தாங்க. கேஸ் மாத்திரை எழுதி அனுப்பிட்டேன். அன்று மாலையே மாரடைப்பில் இறந்துட்டார்.

3/ யாரும் சண்டைக்கு வரலை. "விதி சார்" என்றார்கள். அதுதான் தாங்க முடியலை. தூக்கம் போச்சு. கிளினிக்கை மூடிட்டு வெளிநாடு போக விண்ணப்பமும் போட்டேன். எங்க நர்ஸ் அக்காதான், "மூணு நாள் தியானத்துக்குப் போயிட்டு வந்து முடிவு பண்ணுங்க சார்" என்றார். நான் கிறிஸ்தவன் இல்லை. ஆனாலும் போனேன்.

4/ பாட்டும் கூட்டமுமா இருக்கும்னு நினைச்சேன். ஒரு கட்டில், மேசை, நாற்காலி. போனை வாங்கி வெச்சுட்டாங்க. சாப்பிடும்போதும் பேச்சில்லை. தினமும் அரை மணி நேரம் ஒரு ஃபாதரிடம் பேசலாம். எல்லாத்தையும் கொட்டினேன். "அந்த வீட்டுக்குப் போனீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

5/ இந்த முறை எங்கிருந்து வந்தது தெரியுமா? ஒரு நோயாளியின் கட்டிலில் இருந்து! 1521, ஸ்பெயினில் பம்ப்ளோனா கோட்டைப் போர். பீரங்கிக் குண்டு பட்டு இஞ்ஞாசியார் என்ற வீரருக்குக் கால் உடைந்தது. சரியா சேராத எலும்பை மறுபடி உடைத்து வைத்தார்கள். துருத்திய எலும்பை அறுத்தார்கள். மயக்க மருந்து வர இன்னும் 300 வருஷம் இருக்கு!

6/ மாதக்கணக்கில் படுக்கை. அவர் கேட்ட வீரக்கதைகள் வீட்டில் இல்லை. இயேசு வரலாறும் புனிதர் வரலாறும்தான் கிடைத்தன. அப்போ ஒன்றைக் கவனித்தார். போர், புகழ் என்று கனவு கண்டால் அந்த நேரம் இனிக்குது, பிறகு வெறுமை. புனிதர்களைப் போல வாழ நினைத்தால், பிறகும் மனசு நிறைஞ்சிருக்கு.

7/ இதில் இருந்து வளர்ந்ததுதான் அவருடைய 'ஆன்மிகப் பயிற்சிகள்'. 1548-இல் போப் அங்கீகரித்தார். முழுசா 30 நாள். வேலைக்குப் போறவங்களுக்கு 8 நாள், 3 நாள். அவருடைய தோழர் சவேரியார் 1545-இல் நம்ம மயிலாப்பூரில் தோமையார் கல்லறை அருகே சுமார் நாலு மாசம் தங்கி, ஜெபித்துத்தான் கிழக்கே மலாக்கா பக்கம் போக முடிவெடுத்தார்.

8/ ரெண்டாம் நாள் ஃபாதர் சொன்னார்: "ஒரு முடிவை எடுத்துட்டதா நினைச்சு அரை நாள் இருங்க. அப்புறம் இன்னொண்ணு." வெளிநாடு: முதலில் நிம்மதி, மதியத்துக்குள்ள வறட்சி. அந்த வீட்டுக்குப் போய் உண்மையைச் சொல்வது: நினைச்சதும் கை நடுங்கிச்சு. ஆனா அன்னைக்கு ராத்திரி தூங்கினேன்.

9/ போனேன். "அன்னைக்கே ஈசிஜி எடுத்திருக்கணும்மா. எடுக்கலை. என் தப்பு." அவர் மனைவி ரொம்ப நேரம் பேசலை. அப்புறம், "இனிமே வர்றவங்களுக்காவது எடுங்க" என்றார். மன்னிச்சாங்களான்னு தெரியாது. கேட்கவும் இல்லை. அந்த வாரமே ஈசிஜி மெஷின் வாங்கினேன்.

10/ கடவுளின் குரலைக் கேட்கும் இடம் என்பார்கள் கத்தோலிக்கர்கள். எனக்குத் தெரிஞ்ச வரை, தப்பி ஓடுற நினைப்பு எது, செய்ய வேண்டியது எதுன்னு பிரிச்சுப் பார்க்கும் இடம். அது ஆஸ்பத்திரி இல்லை. தினமும் குடிப்பவர் திடீர்னு நிறுத்தினா வலிப்புகூட வரலாம். அதனால முதலில் சிகிச்சை. அவரே விரும்பினா பிறகு தியானம் என்று அந்த அம்மாகிட்ட சொன்னேன். சுகர், பிரஷர், மனநல மாத்திரைகளையும் பையில் எடுத்துட்டுப் போங்க. நிறுத்தாதீங்க.

11/ கடைசியா ஒண்ணு. மேல் வயிறு எரிச்சலோட வேர்வையோ மூச்சுத் திணறலோ இருந்தா, குறிப்பா சுகர் உள்ளவங்க, கேஸ்னு நீங்களே முடிவு பண்ணாதீங்க. உடனே ஈசிஜி. டாக்டர் எழுதலைன்னா கேளுங்க. என்கிட்ட வந்தாலும் கேளுங்க.