மூலமும் முடிபொருளும்

தமிழாசிரியனுக்குக் கணினியின் உள்ளமைப்பில் என்ன வேலை என்று வினவுவோர் உளர். என் பழங்கணினியில் லினக்ஸ் நிறுவ வந்த தங்கை மகன், "மாமா, டெபியனா, ஜென்டூவா?" என்று கேட்டான். அவ்வினா என்னை என் வகுப்பறையிலேயே கொண்டு நிறுத்தியது.

மனிதர் எழுதும் நிரல் மூலநிரல். அதைப் பொறிக்கு உகந்த வடிவாக்குவது கம்பைலர். 1993-இல் இயன் மர்டாக் தொடங்கிய டெபியன், அம்மாற்றத்தை முன்னரே முடித்த பொதிகளை வழங்குகிறது. கட்டளையிட்ட சிறுபொழுதில் நிறுவல் நிறைவுறும். துணைப் பொதிகளும் உடன்வந்து சேரும். 2002-இல் முதற்பதிப்புக் கண்ட ஜென்டூவின் மரபோ, மூலநிரலைக் கொணர்ந்து நம் கணினியிலேயே ஆக்கிக்கொள்வது. வேண்டாத கூறுகளை விலக்கும் உரிமை நமக்குண்டு. ஆயின் பெரிய மென்பொருளொன்றை ஆக்கப் பழங்கணினிக்கு ஓரிரவும் போதாது. முன்னது கடையில் வாங்கிய மாவு. பின்னது வீட்டில் திரித்த மாவு.

மூலநூலைப் படியுங்கள் என்று மாணவரை ஓயாது வற்புறுத்துபவனாதலின், "ஜென்டூவே போடு" என்றேன். இரவெல்லாம் கணினி இரைந்தது. காலையில் அவன் கேட்டான்: "மாமா, அந்த மூலத்தில் ஒரு வரியாவது படித்தீர்களா?" நாணித் தலைகுனிந்தேன். மூலத்தை வைத்திருத்தல் வேறு, கற்றல் வேறு.

2024 மார்ச்சில் 'எக்ஸ்இசட்' என்னும் சுருக்கு மென்பொருளில் கள்ளவழி ஒன்று வெளிப்பட்டது. அதனை இயக்கிய கட்டளை, பொதுக் களஞ்சியத்தில் இன்றி, வெளியிடப்பெற்ற மூலக்கட்டில் ஒளிந்திருந்தது. மூலமென்று பெயர் பெற்றதும் வஞ்சித்தது! அதனைக் கண்டவர் ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட். அவர் கணினியில் இருந்ததோ டெபியனின் ஆயத்தப் பொதி. தொலைநுழைவு அரை நொடி தாழ்வதேன் என்று அவர் ஐயுற்றார், துருவினார், கண்டார்.

இன்று இருநெறிகளும் நெருங்கி வருகின்றன. 2023 டிசம்பர் முதல் ஜென்டூவும் ஆயத்தப் பொதிகளைப் பரவலாக வழங்குகிறது. டெபியன் அன்பர்களோ, எவர் மூலத்திலிருந்து ஆக்கினும் அதே பொதி அணுவும் பிறழாது கிடைக்குமாறு உழைக்கின்றனர். நம்புக, ஆயின் சரிபார்க்க வழி இருக்கட்டும் என்பதே அதன் உட்கருத்து.

இறுதியில் டெபியனையே நிறுவச் சொன்னேன். பின்னர் ஒரு காரியமும் செய்தேன். பல்லாண்டாகப் பழைய குறிப்பேட்டை வைத்தே நடத்திவந்த பாடலொன்றின் மூலத்தைத் திறந்து சொல் சொல்லாக ஒப்புநோக்கினேன். ஓரிடத்தில் என் குறிப்பே பிழை. மறுநாள் வகுப்பில் அதனை ஒப்புக்கொண்டேன்.

மாணவச் செல்வங்களே, குறிப்பேடு குற்றமன்று. எல்லாவற்றையும் ஒருவரே திரித்து உண்ண ஆயுள் போதாது. ஐயம் எழும்போது மூலத்திற்குச் செல்லும் வழியை மட்டும் மறவாதிருங்கள்.