‘சென்னை 31 டிகிரி’ - எந்தச் சென்னை, சார்?

சொந்தமாக வெப்சைட் வைத்துக்கொள்வது இப்போதெல்லாம் அந்தக் காலத்தில் சைக்கிள் வாங்கின மாதிரி. பேர், போட்டோ (அநேகமாக அக்கா கல்யாணத்தில் எடுத்தது), வேலை விவரம், நாலு கவிதை. அதற்கப்புறம் என்ன போடுவது என்று தெரியாமல் முழிக்கும்போது எல்லோருக்கும் ஒரே யோசனைதான் வரும். ஓரத்தில் சின்னதாக ஒரு பெட்டி: ‘நான் இருப்பது சென்னை. இப்போது 31 டிகிரி, மேகமூட்டம்.’

இதற்குப் பிளக்-இன் என்று பேர். பெரிய வித்தை ஒன்றுமில்லை. அதற்கு ரெண்டே ரெண்டு வேலை. முதலில், ஆசாமி எங்கே இருக்கிறார் என்று அட்சரேகை, தீர்க்கரேகையாகக் கண்டுபிடிக்க வேண்டும். அடுத்தது, அந்த இரண்டு நம்பரையும் ஏதாவது ஒரு வானிலை சர்வீஸுக்கு அனுப்பி, ‘அங்கே வெயிலா, மழையா?’ என்று கேட்க வேண்டும். வருகிற பதிலைப் பெட்டியில் ஒட்டினால் தீர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானத் தூக்கத்தைத் தியாகம் செய்தால் எழுதி முடித்துவிடலாம்.

ஆனால், அந்த 31 டிகிரியை எந்த இடத்தில், யார், எப்போது அளந்தார்கள்? பெட்டி சொல்லாது. அதைத் தெரிந்துகொள்ள கம்ப்யூட்டர் வேண்டாம்; பீச்-தாம்பரம் எலெக்ட்ரிக் ட்ரெயினுக்கு ஒரு டிக்கெட் போதும். விஷயம் முழுக்க அந்த ஒரே தண்டவாளத்தின் ஓரமாகத்தான் இருக்கிறது. ஏறுங்கள், போகலாம்.

நுங்கம்பாக்கம்

ஸ்டேஷனில் இறங்கி ஆட்டோக்காரரிடம் பேரம் பேசி, கல்லூரிச் சாலை போனால் மண்டல வானிலை ஆய்வு மையம். புயல் வந்தால் டி.வி. கேமராக்கள் மொத்தமும் முகாம் போடுமே, அதே இடம்.

இங்கேதான் நம்ம 31 டிகிரியின் பிறப்பிடம் - ஒரு மரப்பெட்டி. வெள்ளைப் பெயின்ட் அடித்து, நாலு பக்கமும் ஜன்னல் சட்டம் மாதிரி சாய்வுப் பலகை வைத்து, காலில் நிற்கிறது. முதல் தடவை பார்ப்பவர்கள் புறாக்கூண்டு என்று நினைத்தால் தப்பில்லை. உள்ளே தெர்மாமீட்டர்கள். காற்று தாராளமாக வந்து போகலாம். வெயில் மட்டும் உள்ளே வரக் கூடாது. ஏனென்றால் அளப்பது காற்றின் சூட்டை, வெயிலின் சூட்டை அல்ல. 2003 மே 31-ம் தேதி நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானபோது, பஸ் ஸ்டாப்பில் நின்றவர்கள் ‘அறுபது இருக்கும் சார்’ என்று சத்தியம் செய்திருப்பார்கள். இரண்டு பேர் சொல்வதும் நிஜம்தான். அவர்கள் நின்றது தார் ரோட்டில். தெர்மாமீட்டர் இருந்தது நிழலில்.

இந்தப் பெட்டியை வடிவமைத்தவர் தாமஸ் ஸ்டீவன்சன் என்கிற ஸ்காட்லாந்து என்ஜினீயர். இவருடைய பையன்தான் ‘ட்ரெஷர் ஐலண்ட்’ எழுதிய ராபர்ட் லூயி ஸ்டீவன்சன். அப்பா தெர்மாமீட்டருக்குப் பெட்டி செய்தார். பையன் புதையல் பெட்டியைத் தேடிக் கதை எழுதினான். எந்தப் பெட்டி அதிகம் விற்றது என்று சொல்ல வேண்டியதில்லை.

அதே வளாகத்தில் ஒரு பழைய கருங்கல் தூண் இருக்கிறது. 10 டன் எடை. 1792-ல் கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே மெட்ராஸ் வானாராய்ச்சிக் கூடத்தைக் கட்டியபோது, தொலைநோக்குக் கருவியை ஆடாமல் அசையாமல் வைப்பதற்காக நிறுத்திய தூண். கட்டடத்தை உருவாக்கிய மைக்கேல் டாப்பிங்கின் பேர் அதில் செதுக்கப்பட்டிருக்கிறது.

நட்சத்திரங்களைப் பார்த்துப் பார்த்து ‘மெட்ராஸ் பூமியில் எந்த இடத்தில் இருக்கிறது?’ என்று கணக்குப் போட்டார்கள். கோல்டிங்ஹாம் என்ற வானியல் அதிகாரி 1796-லிருந்து வானிலையையும் குறித்துவைக்க ஆரம்பித்தார். ஆக, நம்ம பிளக்-இன் செய்கிற இரண்டு வேலையும் - இடம், வானிலை - இருநூறு வருஷத்துக்கு முன்னாலேயே இந்த ஒரே காம்பவுண்டுக்குள் நடந்திருக்கிறது! நட்சத்திரம் பார்க்கிறவர்கள் 1899-ல் கொடைக்கானலுக்குப் போய்விட்டார்கள். மழை பார்க்கிறவர்கள் இங்கேயே தங்கிவிட்டார்கள்.

கோல்டிங்ஹாம் கணக்குப்படி 1802-ல் ‘மெட்ராஸ் டைம்’ நிர்ணயமாயிற்று. கிரீன்விச்சை விட 5 மணி 21 நிமிஷம் 14 விநாடி அதிகம். பூமி ஒரு டிகிரி திரும்ப 4 நிமிஷம். வகுத்துப் பார்த்தால் தீர்க்கரேகை 80 டிகிரி 18½ நிமிஷம் வருகிறது. இதை இன்றைய போன் மேப்பில் போட்டுப் பாருங்கள்... மெரினாவைத் தாண்டி இரண்டு கிலோமீட்டர் கடலுக்குள் நிற்பீர்கள்! நுங்கம்பாக்கம் உண்மையில் அங்கிருந்து ஆறு கிலோமீட்டருக்கும் மேல் மேற்கே இருக்கிறது. நட்சத்திரத்தையும் கடிகாரத்தையும் மட்டும் வைத்துக்கொண்டு இவ்வளவு கிட்டத்தில் வந்ததே பெரிய விஷயம். இருந்தாலும், அந்தக் காலத்து ரயில்கள் பலவும் இந்தக் கடல் நேரத்தை நம்பித்தான் ஓடின. 1906-ல்தான் ஐ.எஸ்.டி. வந்தது.

பரங்கிமலை

மறுபடியும் ட்ரெயின். கோடம்பாக்கம், மாம்பலம், சைதாப்பேட்டை, கிண்டி, அடுத்தது பரங்கிமலை.

1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் என்ற ராணுவ அதிகாரி, இந்தியாவை அளக்கும் வேலையை இந்த மலையடிவாரத்திலிருந்துதான் தொடங்கினார். இங்கிருந்து பெரும்பாக்கம் பக்கம் வரை சுமார் பன்னிரண்டு கிலோமீட்டர். நூறடிச் சங்கிலியை நீட்டி, எடுத்து, மறுபடி நீட்டி... கிட்டத்தட்ட நானூறு தடவை. 57 நாள் பிடித்தது. இந்த ஒரு கோட்டை அடித்தளமாக வைத்து முக்கோணம் முக்கோணமாக வளர்ந்த சர்வேதான், பின்னாளில் இமயமலை வரை போய் எவரெஸ்ட்டின் உயரத்தைச் சொன்னது.

இன்றைக்கு உங்கள் சட்டைப் பையில் இருக்கிற போன் மூன்று விநாடியில் இடத்தைச் சொல்லிவிடுகிறது. அதுவும் எப்படி? புள்ளிக்கப்புறம் ஆறு தசம ஸ்தானத்தோடு! அங்கேதான் வில்லங்கம்.

அட்சரேகையில் ஒரு டிகிரி என்பது சுமார் 111 கிலோமீட்டர். ஒரு தசம ஸ்தானம் கொடுத்தால் 11 கிலோமீட்டர் துல்லியம். இரண்டு கொடுத்தால் 1.1 கிலோமீட்டர், அதாவது பேட்டை தெரியும். மூன்றுக்கு 110 மீட்டர், தெரு தெரியும். நான்குக்கு 11 மீட்டர், வீடு தெரியும். ஆறு என்றால் 11 சென்டிமீட்டர். நீங்கள் பாயில் எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுத்திருக்கிறீர்கள் என்கிற அளவுக்கு! (போனுக்கே அவ்வளவு துல்லியம் கிடையாது. சும்மா ஜம்பத்துக்குச் சொல்கிறது.)

வானிலைக்கு இரண்டு தசம ஸ்தானம் தாராளம். மழைக்கு உங்கள் கதவு நம்பர் தேவையில்லை. ஆனால், நம்ம பசங்க என்ன செய்கிறார்கள்? போன் கொடுத்த நம்பரை அப்படியே முழுசாகப் பக்கத்தில் போட்டுவிடுகிறார்கள். வீடு எது என்று உலகத்துக்கே தெரிகிறது. தீபாவளிக்கு ஊருக்குப் போனதும் அதே பெட்டி, ‘இப்போது திருநெல்வேலியில் இருக்கிறேன், 28 டிகிரி’ என்று காட்டுகிறது. பூட்டை உடைக்க வருகிறவனுக்கு இதைவிட மரியாதையான அழைப்பிதழ் அச்சடிக்க முடியாது.

இன்னொரு சின்ன விஷயம். சில சர்வீஸ்கள் அட்சரேகையை முதலில் கேட்கும். சில தீர்க்கரேகையை முதலில் கேட்கும். 13, 80 என்பதை 80, 13 என்று மாற்றிக் கொடுத்தால், நீங்கள் சென்னையில் இல்லை. நார்வேக்கும் வடக்கே, ஸ்வால்பார்ட் தீவுகளை ஒட்டி ஆர்க்டிக் கடலில் மிதந்துகொண்டிருப்பீர்கள். பெட்டியில் மைனஸ் 15 டிகிரி பார்த்தால் ஸ்வெட்டர் தேடாதீர்கள், கமா எங்கே என்று தேடுங்கள்.

திரிசூலம்

எதிரே மீனம்பாக்கம் விமான நிலையம். உலகம் முழுக்க பல வானிலைப் பெட்டிகளுக்குத் தீனி போடுவது விமான நிலையங்கள்தான். பைலட்டுக்காகக் காற்று, பார்வைத் தூரம், மேகம், வெப்பம், காற்றழுத்தம் எல்லாவற்றையும் அரை மணிக்கு ஒரு தடவை சுருக்கெழுத்து மாதிரி ஒரே வரியில் வெளியிடுகிறார்கள். இதற்கு மெட்டார் என்று பேர். சென்னைக்கு அடையாளம், வி.ஓ.எம்.எம். அரை மணிக்கு ஒரு தடவைதான் மாறும் என்பதால், விநாடிக்கு ஒரு தடவை ‘இப்ப எவ்வளவு? இப்ப எவ்வளவு?’ என்று பிளக்-இன் நச்சரிப்பதில் பிரயோஜனமில்லை. வாங்கினதைப் பத்திரப்படுத்தி, அரை மணி நேரம் அதையே காட்டலாம்.

நுங்கம்பாக்கத்துக்கும் மீனம்பாக்கத்துக்கும் நேர்க்கோட்டில் சுமார் 11 கிலோமீட்டர். மே மாதம் மத்தியானம் கடல் காற்று கிளம்பினால் முதலில் மெரினா, அப்புறம் நுங்கம்பாக்கம், அதற்கப்புறம்தான் மீனம்பாக்கம். அதுவரை ஒரே ஊரில் இரண்டு வெப்பம். ‘சென்னை’ என்று பெட்டி எதைக் காட்டும்? அதை எழுதினவனைத்தான் கேட்க வேண்டும்.

கம்ப்யூட்டர் கணிப்புகள் இன்னும் வேடிக்கை. அமெரிக்காவின் ஜி.எஃப்.எஸ். என்ற கணிப்பை இலவசமாகத் தருகிறார்கள். உலகத்தைக் கால் டிகிரிக் கட்டங்களாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரு கட்டம் நம்ம பக்கம் 27 கிலோமீட்டருக்குக் குறையாது. நம்ம ஊருக்குக் கிடைக்கிற புள்ளி 13, 80.25 - கிட்டத்தட்ட அடையாறு. அதற்குக் கிழக்கே அடுத்த புள்ளி வங்காள விரிகுடாவில். மேற்கே அடுத்தது ஸ்ரீபெரும்புதூர் போகிற வழியில். நடுவில் இருக்கிற லட்சக்கணக்கான ஜனம் அத்தனை பேருக்கும் பங்கு பிரித்துத் தருவதுதான் மிச்சம்.

தாம்பரம்

கடைசி ஸ்டேஷன். இங்கே வந்தால் சிரிப்பு நின்றுவிடும்.

2015 டிசம்பர் 2 காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் பெய்த மழை: நுங்கம்பாக்கம் 29 செ.மீ., மீனம்பாக்கம் 35, செம்பரம்பாக்கம் 47, தாம்பரம் 49. சென்னையில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்வதே சராசரியாக 140 செ.மீ.தான். நாம் இப்போது வந்த இந்த ஒரே ரயில் பாதையில், இருபது கிலோமீட்டருக்குள், இருபது சென்டிமீட்டர் வித்தியாசம்!

இதில் தேதிக் குழப்பம் வேறு. மழைக் கணக்கில் ஒரு நாள் என்பது நடுராத்திரியில் முடிவதில்லை, காலை 8.30-க்கு முடிகிறது. (கிரீன்விச்சில் அப்போது விடியற்காலை 3 மணி.) ஆகவே ‘டிசம்பர் 2 மழை’ என்று பெட்டி காட்டுவதில் பெரும் பகுதி டிசம்பர் 1-ம் தேதி பெய்தது. டிசம்பர் 2 காலையில் அந்த நம்பர் வந்தபோது விமான நிலையத்துக்குள் தண்ணீர். முடிச்சூர் பக்கம் வீடுகள் முழுகியிருந்தன.

முடிச்சூரில் ஒரு நண்பன் இருக்கிறான், ஆபீஸில் பக்கத்து ஸீட். “அன்னிக்கு என் வெப்சைட்ல ‘சென்னை, மிதமான மழை’ன்னு போட்டிருந்துச்சுடா. மாடிப்படியில உக்காந்து பாத்துட்டிருந்தேன். கீழ்ப்படி காணோம்” என்றான். பெட்டி பொய் சொல்லவில்லை. எங்கேயோ, எப்போதோ நிஜமாக இருந்த ஒன்றைச் சொன்னது. ஆனால், எங்கே, எப்போது என்பதை மட்டும் விழுங்கிவிட்டது. வீட்டிலேயே இருப்பதா, அம்மாவைக் கூட்டிக்கொண்டு கிளம்புவதா என்று யோசிக்கிறவனுக்கு அந்த இரண்டும்தான் முக்கியம்.

ஆகவே, வெப்சைட் வைத்திருக்கும் தம்பிகளே, பெட்டியைத் தாராளமாகப் போடுங்கள். கூடவே, அளந்த இடத்தின் பேரையும் அளந்த நேரத்தையும் போடுங்கள். இரண்டு தசம ஸ்தானத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கணிப்பு என்றால் கணிப்பு என்றே எழுதுங்கள். நாலே வரி அதிகம், அவ்வளவுதான்.

முடிச்சூர் நண்பன் மாற்றிவிட்டான். இப்போது அவன் பெட்டியில் இருப்பது இது: ‘மீனம்பாக்கம், காலை 8.30 நிலவரம்: 27 டிகிரி, மழை. எங்கள் தெருவில் எப்படி என்று தெரிய வேண்டுமானால் போன் பண்ணவும்.’