காதால் படிக்கும் நிரல்

பார்வையற்ற நிரலாளர் தன் நிரலைப் பெரும்பாலும் காதால்தான் படிக்கிறார். கதையை வாசிக்கும் மென்பொருள் நிறுத்தற்குறிகளை விழுங்கிவிட்டுப் போகலாம். நிரலில் அது செல்லாது. ஓர் அடைப்புக்குறி விடுபட்டாலும் எல்லாம் நின்றுவிடும். பைத்தான் மொழியிலோ வரியின் தொடக்கத்தில் விடும் வெற்றிடத்துக்கே பொருள் உண்டு. வெற்றிடத்தை எப்படிப் பேசிக் காட்டுவது?

இதை ஆழமாக யோசித்தவர்களில் டி. வி. ராமன் முக்கியமானவர். புனேயில் பிறந்து, 14 வயதில் பார்வையிழந்து, அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். 1995இல் வெளிவந்த அவரது ஈமேக்ஸ்பீக் என்ற பேசும் மென்பொருள், திரையில் தெரிவதை அப்படியே ஒப்பிப்பதில்லை. நிரல் எழுத உதவும் ஈமேக்ஸ் என்ற உரைத்தொகுப்பானுக்குள்ளேயே இயங்குவதால், எது குறிப்புரை, எது கட்டளைச்சொல் என்று அதற்குத் தெரியும். கண் தெரிந்தவருக்கு நிறம் மாறும் இடத்தில் இங்கே குரல் மாறும். கோப்பைத் திறந்தால் ஓர் ஒலி, மூடினால் வேறொன்று. அழகான யோசனை, ஆனால் ஈமேக்ஸ் பழகாதவருக்கு எட்டாத கனி.

விண்டோஸ் பயனர்களுக்கு 2006இல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் தொடங்கிய என்விடிஏ கைகொடுத்தது. பின்னர் ஜேம்ஸ் டே சேர்ந்துகொண்டார். இருவருமே பார்வையற்றவர்கள். இந்த இலவசத் திரைவாசிப்பான் பெரும்பாலும் பைத்தானில் எழுதப்பட்டது. வரியை உள்ளே தள்ளத் தள்ள இதில் ஒலியின் சுருதி ஏறும். வெற்றிடம் காதுக்குப் பிடிபடுகிறது.

என்விடிஏவுடன் வரும் ஈஸ்பீக் குரலில் இனிமை கிடையாது, சுத்த இயந்திரம். ஆனால் பல மடங்கு வேகத்திலும் எழுத்து சிதையாது என்பதால் பலர் அதையே விரும்புகிறார்கள். அந்தக் குரல் தமிழும் பேசும்.