விழுப்புரம் ஜங்ஷன்... இங்கே தடம் மாறலாம்!

ஞாயிற்றுக்கிழமை காலையில தாம்பரத்துலேருந்து விழுப்புரம் ரயில் ஏறியிருக்கீங்களா பாஸ்? இல்லைன்னா ஒருமுறை ஏறிப் பாருங்க. செங்கல்பட்டு நெருங்கும்போது கொளவாய் ஏரி ஜன்னலை ஒட்டியே கூட வரும். மதுராந்தகம், திண்டிவனம், விக்கிரவாண்டி தாண்டி முண்டியம்பாக்கம் வந்துட்டா, பையைத் தோள்ல மாட்டிக்கலாம்.

விழுப்புரம் சாதாரண ஸ்டேஷன் இல்லை. சென்னை, விருத்தாசலம், கடலூர், புதுச்சேரி, திருவண்ணாமலைனு அஞ்சு பக்கமும் தண்டவாளம் பிரியுது. தடம் மாறின ஒருத்தரைப் பார்க்க இதைவிடப் பொருத்தமான ஊர் உண்டா?

நான் பார்க்கப் போனது எங்க காலேஜ் சீனியர் அண்ணனை. ஓ.எம்.ஆர். ஐ.டி. கம்பெனியில ஆறு வருஷம் இருந்தார். கேப், பி.எஃப்., இன்ஷூரன்ஸ் எல்லாம் உண்டு. 2022-ல பேப்பர் போட்டுட்டு ஊருக்கு வந்துட்டார். காரணம், அவங்க அப்பா. வாரத்துக்கு மூணு நாள் டயாலிசிஸ். "லீவ் லெட்டர் எழுதி எழுதியே கை வலிச்சிடுச்சு தம்பி"னு சிரிக்கிறார்.

இப்போ அவருக்குச் சோறு போடுறது 'மூடுல்'. காலேஜ்ல ஆன்லைன் க்விஸ் எழுதியிருக்கீங்களா? அது மூடுலா இருக்க வாய்ப்பு உண்டு. 2002-ல ஆஸ்திரேலியாவுலேருந்து மார்ட்டின் டூகியமாஸ் வெளியிட்ட ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர். யார் வேணும்னாலும் கோடை எடுத்துக்கலாம், மாத்தலாம்.

'சும்மா கொடுத்துட்டா காசு எங்கேருந்து வரும்?'னு நீங்க கேட்கிற அதே கேள்வியை நானும் கேட்டேன்.

"சாஃப்ட்வேர்தான் ஃப்ரீ. அதை ஒரு யுனிவர்சிட்டிக்கு ஏத்த மாதிரி மாத்தணும், புது வெர்ஷனுக்குக் கொண்டு போகணும், படுத்துட்டா எழுப்பணும். அதுக்கெல்லாம் மணிக்கணக்குல கூலி" என்றார். ரெட் ஹேட் கம்பெனி லினக்ஸை வெச்சு வளர்ந்ததும் இதே மாதிரி சர்வீஸ், சப்போர்ட்லதான். 2019-ல ஐ.பி.எம். அதை 3,400 கோடி டாலருக்கு வாங்குச்சு!

வேலையை உதறினதுல அண்ணனுக்கு ஒரு பெரிய முன்னோடியும் உண்டு. ரிச்சர்ட் ஸ்டால்மேன், 1984 ஜனவரியில எம்.ஐ.டி. வேலையை விட்டுட்டுத்தான் க்னூ திட்டத்துல இறங்கினார். வேலையில இருந்தா, எழுதுற கோடுக்கு நிர்வாகம் உரிமை கொண்டாடிடுமோங்கிற கவலை அவருக்கு.

அண்ணனோட ஆபீஸ் எது தெரியுமா? ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்ச்! அப்பா உள்ளே, லேப்டாப் மடியில. ராத்திரி வீட்டு மொட்டை மாடி.

உடனே ராஜினாமா லெட்டர் டைப் பண்ணிடாதீங்க. மறுபக்கத்தையும் கேளுங்க. கம்பெனி இன்ஷூரன்ஸ்ல அப்பாவும் இருந்தார். வேலையோட அதுவும் போச்சு. அரசு ஆஸ்பத்திரியில டயாலிசிஸ் இலவசம்ங்கிறதால சமாளிக்கிறாங்க. லோன் கேட்டா பேங்க்ல பே ஸ்லிப் கேட்கிறாங்க. பொண்ணு பார்க்கப் போன இடத்துல, "கம்பெனி பேரு?"னு கேட்டிருக்காங்க. அண்ணன் விளக்கிச் சொல்ல, கடைசியில "அப்போ வேலை இல்லைங்கிறீங்க"ன்னாங்களாம்!

2024 டிசம்பர்ல ஃபெஞ்சல் புயல் வெள்ளத்துல நாலு நாள் கரன்ட் இல்லை, நெட் இல்லை. அஞ்சாவது நாள் லாகின் பண்ணினா, இவர் பாதியில விட்ட பக்-ஐ முகம் தெரியாத யாரோ ஒருத்தர் முடிச்சு வெச்சிருந்தார். "கண்ணு கலங்கிடுச்சு. ஆனா அந்த நாலு நாள் கூலி வரல. ரெண்டும் உண்மைதான்" என்றார்.

கிளம்பும்போது, "நானும் பிளேஸ்மென்ட் வேண்டாம்னு..."னு இழுத்தேன். முறைச்சார்.

"முதல்ல வேலைக்குப் போ. நான் ரெண்டு வருஷம் சனி, ஞாயிறுல கோடு எழுதி, பத்து மாசச் செலவுக்குச் சேர்த்து வெச்சுட்டுத்தான் விட்டேன். அப்படியும் முதல் நாலு மாசம் வருமானம் பூஜ்யம். என் முதல் திருத்தத்தை மூணு தடவை திருப்பி அனுப்பினாங்க. அதைத் தாங்க முடியுதான்னு காலேஜ்லேயே பாரு. அதுக்குக் காசு வேணாம்."

ரிட்டர்ன் ரயில்ல உட்கார்ந்து மூடுலோட தமிழ்ப் பக்கத்தை மொபைல்ல நோண்டினேன். ஒரு எழுத்துப் பிழை கண்ணுல பட்டுச்சு. திண்டிவனம் வர்றதுக்குள்ள திருத்தி அனுப்பிட்டேன்.

இன்னும் பதில் வரலை. பிளேஸ்மென்ட் ஃபார்மையும் கொடுத்துட்டேன். ஆனா தினமும் காலையில எந்திரிச்சதும் முதல்ல மெயிலைத்தான் பார்க்கிறேன் பாஸ்!